டர்பனில் வீடு கட்டுவோருக்கும் கட்டித் தருவோருக்கும்: மனைப் பத்திரம் முதல் குடிபுகும் சான்றிதழ் வரை

"பின்னால் இரண்டு அறை, ஒரு குளியலறை, சின்னதாக ஒரு சமையலறை. மகன் கல்யாணத்துக்குள் முடித்துக் கொடுங்கள் அண்ணே. பிளானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் மேஸ்திரியாக வேலை பார்த்த இத்தனை காலத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத வருடம் ஒன்றுகூட எனக்கு இல்லை. பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் கேட்கிறார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் "பிறகு" என்ற அந்த ஒரு சொல்லால் வீட்டை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2013 நவம்பர் 19 அன்று டொங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயப்பட்டார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி டர்பனை நிர்வகிக்கும் இதெக்வினி மாநகராட்சி அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றிருந்தது. ஆணைக்குப் பிறகும் வேலை நடந்தது. 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் ஐந்து மாடிக் குடியிருப்பு சரிந்து 34 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு மாநகராட்சியின் அனுமதி இருந்தது. பாதுகாப்பு ஆலோசகர் மனம் ஒப்பாமல் முன்பே விலகியிருந்தார், வேலையோ தொடர்ந்தது. ஒன்று அனுமதி இல்லாமல் விழுந்தது, மற்றொன்று அனுமதியோடு விழுந்தது. ஆகவே காகிதமும் வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் பார்க்கும் கண்ணும் வேண்டும். இந்த வழிகாட்டியை அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கான சட்டங்கள் முக்கியமாக மூன்று. 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டமான தேசியக் கட்டட விதிமுறைகள் மற்றும் கட்டடத் தரங்கள் சட்டம். 1998ஆம் ஆண்டின் 95ஆம் எண் சட்டமான வீடு வாங்குவோர் பாதுகாப்புச் சட்டம். 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிமுறைகளும். முதலாவது கட்டடத்துக்கு, இரண்டாவது வீட்டுக்குப் பணம் கொடுப்பவருக்கு, மூன்றாவது வேலைத்தளத்தில் நிற்கும் தொழிலாளிக்கு. அளவுகளும் முறைகளும் எஸ்ஏஎன்எஸ் 10400 என்ற தர ஆவணத்தில், அஸ்திவாரம், சுவர், கூரை, படிக்கட்டு, தீ என்று பகுதி பகுதியாக இருக்கின்றன.

முதல் படி: மனையைப் படியுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன் உரிமைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இந்த மனையில் ஒரு குடியிருப்புதான், இந்தப் பக்கம் இத்தனை மீட்டர் விட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கலாம். அடுத்து மாநகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம். உங்கள் மனை எந்த வகையில் வருகிறது, எத்தனை சதவீதம் கட்டலாம், கட்டட எல்லைக்கோடு எங்கே என்பதெல்லாம் அதில் தெரியும். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கட்ட வேண்டுமானால் அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும், பக்கத்து வீட்டாரின் கருத்தும் கேட்கப்படும். அவர்களிடம் முதலிலேயே போய்ப் பேசுங்கள். புகாராக வந்து சேரும் அண்டை வீட்டுப் பகை, செங்கல்லைவிட விலை கூடியது.

கழிவுநீர்க் குழாய் மனைக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதையும் மாநகராட்சி வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் குழாயின் மேல் அறை கட்ட முடியாது. பாதி வேலையில் குழாயைக் கண்டுபிடித்து அறையையே நகர்த்திய இடங்கள் எனக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 வருடத்தைத் தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது. குவாசூலு-நடாலில் அந்த அமைப்பு அமாஃபா. "நம் வீடென்ன அரண்மனையா?" என்று கேட்காதீர்கள். கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் பெரியவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியது 1960களில். அந்த முதல் வீடுகளுக்கு இப்போது 60 வயது ஆகிவிட்டது. கரும்புத் தோட்டக் காலத்துக் கோயில்களுக்கோ அதைவிட வயது. கோபுரத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டும் கோயில் குழுக்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: எதற்கு அனுமதி வேண்டும்?

1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் 4ஆம் பிரிவு நேரடியானது: மாநகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி முன்கூட்டியே இல்லாமல் எந்தக் கட்டடத்தையும் எழுப்பக் கூடாது. "எழுப்புதல்" என்பதில் கூட்டிக் கட்டுவது, மாற்றுவது, தாங்கும் பாகங்களைப் பழுதுபார்ப்பது எல்லாம் அடங்கும். வரவேற்பறைக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுப்பதும் அதில் வரும். அந்தச் சுவர்மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் சம்மட்டியை எடுக்காதீர்கள். ஒட்டு வீட்டில் நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அதன்மேல் மாடி ஏற்றுவது பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய காரியம்.

சிறு கட்டட வேலை என்று ஒரு சலுகை உண்டு. 10 சதுர மீட்டருக்கு மேற்படாத கருவிக் கொட்டகை, 40 சதுர மீட்டருக்கு மேற்படாத பக்கம் திறந்த கார் நிழற்கூரை, மண்ணைத் தாங்காமல் தனியே நிற்கும் 1.8 மீட்டருக்கு மேற்படாத மதில், வீட்டு நீச்சல்குளம் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றுக்கு முழு வரைபடம் வேண்டாமே தவிர, கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். "மதிலுக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரர் பாதியைத்தான் படித்திருக்கிறார். மதிலின் ஒரு பக்கம் மண் ஏறி நின்றால் அது தாங்குசுவர். அதற்கு இந்தச் சலுகையே கிடையாது.

மூன்றாம் படி: யார் வரைவது, யார் பொறுப்பேற்பது?

வரைபடத்தைச் சமர்ப்பிப்பவர் சாகாப் என்ற கட்டடக்கலைத் தொழிலவையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவையில் சரிபாருங்கள். மாடி, தாங்குசுவர், சரிவான மனை, கான்கிரீட் தளம் என்று வந்தால் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரைத் தகுதியுள்ள நபராக நியமித்து, அதற்கான படிவத்தை விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். கையெழுத்தை மட்டும் விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பொறியாளர் மனைக்கு எத்தனை முறை வருவார், எந்தெந்த நாளில் வருவார் என்பதைக் கட்டணம் பேசும்போதே எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: விண்ணப்பமும் காத்திருப்பும்

விண்ணப்பம் முறையாக இருந்தால், 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 30 நாளிலும், அதற்கு மேற்பட்டதற்கு 60 நாளிலும் மாநகராட்சி முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. குறைபாட்டோடு கொடுத்தால் இந்த நாட்கணக்கு உங்களுக்கு உதவாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். சுட்டிக்காட்டிய குறைகளை எல்லாம் திருத்தி ஒரு வருடத்துக்குள் மறுபடி கொடுத்தால் புதுக் கட்டணம் கிடையாது. அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

பூஜைக்கு நாள் குறிப்பதில் ஒரு வார்த்தை. ஐயரிடம் முகூர்த்தம் கேட்டுவிட்டு, அந்தத் தேதிக்குள் அனுமதி வராவிட்டாலும் அஸ்திவாரம் தோண்டிவிடுகிறார்கள். அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகு முகூர்த்தம் கேளுங்கள். நல்ல நாள் அடுத்த மாதமும் வரும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பது

புதிய வீடு கட்டுபவர் என்எச்பிஆர்சி என்ற தேசிய வீட்டுக் கட்டுநர் பதிவு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு போதாது. வேலை தொடங்குவதற்கு 15 நாள் முன்பே அந்த வீடும் மன்றத்தில் சேர்க்கப்பட வேண்டும். அப்படிச் சேர்த்தால்தான் பாதுகாப்பு உண்டு: வேலைக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகலுக்கு ஒரு வருடம், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 5 வருடம். தனக்காகத் தானே கட்டிக்கொள்பவர் விலக்குக் கேட்கலாம். ஆனால் விலக்கு கிடைத்த பிறகே தொடங்க வேண்டும்.

ஒப்பந்தக்காரரிடம் தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நன்னிலைக் கடிதத்தைக் கேளுங்கள். அது இல்லாதவருடைய ஆள் உங்கள் கூரையிலிருந்து விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டி வையுங்கள். அஸ்திவார ஆய்வு முடிந்தால் இவ்வளவு, கூரை ஏறினால் இவ்வளவு, குடிபுகும் சான்றிதழ் வந்த பிறகு கடைசிப் பங்கு.

ஒப்பந்தக்காரத் தம்பிகளுக்கும் சொல்கிறேன். அனுமதி முத்திரையுள்ள வரைபடத்தின் நகல் வேலைத்தளத்திலேயே இருக்கட்டும். வீட்டுக்காரர் "அனுமதி வந்துவிட்டது" என்று வாயால் சொன்னதை நம்பித் தொடங்கினால், அனுமதியில்லாத கட்டடத்தை எழுப்பிய குற்றம் உங்கள் தலையிலும் விழும்.

ஆறாம் படி: வேலைத்தளப் பாதுகாப்பு

2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வேலை கொடுப்பவர், அதாவது கட்டச் சொல்லும் வீட்டுக்காரர், ஆபத்துகளை மதிப்பிட்டுப் பாதுகாப்பு நிபந்தனைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அதற்கேற்பப் பாதுகாப்புத் திட்டமும் கோப்பும் வைத்திருக்க வேண்டும். தானே குடியிருக்கத் தரைத்தள வீடு கட்டுபவருக்கு, வேலை கொடுப்பவரின் இந்தக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. ஒப்பந்தக்காரருக்கு அந்த விலக்கு இல்லை. வாடகைக்கு விடக் கட்டினாலும், மாடி எழுப்பினாலும் வீட்டுக்காரருக்கும் விலக்கு இல்லை.

பள்ளத்தைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறேன். ஆழமான பள்ளத்தில், பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ ஆளை இறக்கக் கூடாது. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்புவரை புதைந்தாலே மூச்சு நின்றுவிடும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் நிற்கும் முட்டுகளுக்கும் பலகைகளுக்கும் வடிவமைத்தவர் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் முன்பும், ஊற்றும்போதும், ஊற்றிய பின்பும் அவற்றைப் பார்வையிட வேண்டும். அடுத்த வேலைக்கு முட்டு வேண்டும் என்று நாளுக்கு முன் பிரித்தெடுப்பது கொலைக்குச் சமம்.

பழைய வீடுகளின் சாம்பல் நிறக் கூரைத் தகடுகள் பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். 2008 முதல் அதன் பயன்பாடே இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இருப்பதைக் கழற்றுவதற்கு 2020ஆம் ஆண்டின் கல்நார் விதிமுறைகள் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரைக் கேட்கின்றன. சுத்தியலால் உடைத்து லாரியில் அள்ளிப் போடாதீர்கள். அந்தத் தூசி இருபது முப்பது வருடம் கழித்தும் நுரையீரலைத் தின்னும்.

ஏழாம் படி: மூடுவதற்கு முன் காட்டுங்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அஸ்திவாரப் பள்ளத்தில் கான்கிரீட் போடும் முன்பும், கழிவுநீர்க் குழாயை மண் போட்டு மூடும் முன்பும் மாநகராட்சிக் கட்டட ஆய்வாளருக்கு அறிவித்து, அவர் வந்து பார்த்த பிறகே தொடர வேண்டும். இது சட்டம்.

எனக்கு இந்தப் பாடம் சாட்ஸ்வொர்த்தில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை கான்கிரீட் போட ஆட்களையும் கலவை இயந்திரத்தையும் ஏற்பாடு செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஆய்வாளருக்காகக் காத்திருந்தேன். பள்ளம் நூல் பிடித்தது போல் இருந்தது. அவர் வந்தார், ஒன்றும் பேசவில்லை. ஒரு 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளத்தின் அடியில் அடிக்கு அடி குத்திக்கொண்டே நடந்தார். டக், டக் என்று சத்தம் வந்தது. தென்கோடி மூலையில் சத்தமே இல்லை. கம்பி வெண்ணெயில் இறங்குவது போல முழங்கை ஆழம் இறங்கியது. மேலும் தோண்டச் சொன்னார். கறுத்த மண்ணும், உடைந்த ஓடும், மட்கிய கட்டையும் வந்தன. அந்தப் பகுதி வாழைத் தோட்டமாக இருந்த காலத்தில் யாரோ வெட்டி மூடிய குழி. அதன்மேல் வீட்டின் மூலை நிற்கப் போனது. அந்த மூலைக்கு வேறு அஸ்திவாரம் போடப் பொறியாளரை அழைக்க வேண்டியதாயிற்று. வேலை இரண்டு வாரம் தள்ளியது, வீட்டுக்காரர் என்மேல் கோபப்பட்டார். அந்த மூலையில் இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை.

டர்பனின் பல பகுதிகள் பெரியா செம்மணல் மேல் நிற்கின்றன. அந்த மணல் காய்ந்திருக்கும்போது சுவர் போல நிற்கும். நனைந்தால் தாங்கும் வலுவை இழந்து அமிழும். அதனால் மண் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று நினைக்காதீர்கள். சாதாரண வீட்டில் சுவருக்கு அடியில் நீளமாக ஓடும் பட்டை அஸ்திவாரக் கான்கிரீட்டின் கனம் 200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அது நல்ல மண்ணுக்கு. மண் சரியில்லையென்றால் பொறியாளர் சொல்வதே அளவு.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேடுகள் வீடுகளோடு சரிந்தன. மேட்டை வெட்டி மனையைச் சமப்படுத்தியிருந்தால், வெட்டிய மண்ணைப் பிடிக்கும் தாங்குசுவரைப் பொறியாளர் வடிவமைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் சரளைக்கல் அடுக்கு, சுவரில் நீர் வடியும் துளைகள், மேலே வரும் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் மூன்றும் இருக்க வேண்டும். பூச்சுக்காரர் அழகுக்காக அந்தத் துளைகளை அடைத்துவிடுவதை நானே கண்டிருக்கிறேன். அடைத்த சுவர் நிறைமாதப் பசுவைப் போல வயிறு தள்ளும், அடுத்த பெருமழையில் விழும். கூரைத் தண்ணீரைப் பக்கத்து மனையில் கொட்டவும் கூடாது. ஈரத் தடுப்புப் படலம் வெளித் தரையிலிருந்து குறைந்தது 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட் போடும் முன் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். அன்றைக்கு நீங்களும் நில்லுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவு நாடாவை விரித்து வைத்து எடுங்கள். கலவை இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று தண்ணீர் கூட்டுவதைத் தடுங்கள். போட்ட பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் நீராற்றுங்கள்.

எட்டாம் படி: மேலே எழும்போது

குடியிருக்கும் அறையின் பரப்பு 6 சதுர மீட்டருக்கும், எந்தப் பக்கமும் 2 மீட்டருக்கும் குறையக் கூடாது. உயரம் 2.4 மீட்டர். சன்னல் தரைப் பரப்பில் 10 சதவீதம், அதில் திறக்கும் பாகம் தரைப் பரப்பில் 5 சதவீதம். வாடகைக்கென்று சன்னலில்லாத அறை கட்டி அதில் ஒரு குடும்பத்தை வைப்பவர்கள், அங்கே ஓர் இரவு தூங்கிப் பார்க்கட்டும்.

படியின் ஏற்றம் 200 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் பாகம் 250க்குக் குறையக் கூடாது. எல்லாப் படியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கடைசிப் படி மட்டும் உயரமாகிப்போனால் ஆயா தடுக்கி விழுவது அங்கேதான். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம் உள்ள இடமெல்லாம் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி வேண்டும், அதன் இடைவெளியில் 100 மில்லிமீட்டர் பந்து நுழையக் கூடாது. ஒரு குழந்தையின் தலை நுழையாத அளவு அது. நீச்சல்குளத்துக்கு 1.2 மீட்டர் வேலியும், தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ளும் கதவும் கட்டாயம்.

கீசர் பொருத்துபவர் அழுத்த வால்வையும் அடியில் நீர்த் தட்டையும் விட்டுவிடாமல் பாருங்கள்.

ஒன்பதாம் படி: சான்றிதழ்களும் பால் காய்ச்சும் நாளும்

மின்சார வேலைக்குப் பதிவுபெற்றவரின் இணக்கச் சான்றிதழ், எரிவாயு இருந்தால் அதற்கு ஒன்று, மின்வேலி இருந்தால் அதற்கு ஒன்று. வீட்டை விற்கும்போது மின்சாரச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நம் கடற்கரைப் பகுதியில் மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழும் விற்பனையின்போது வழக்கமாகக் கேட்கப்படுகிறது.

பொறியாளரின் நிறைவுச் சான்றிதழையும் சேர்த்துக் குடிபுகும் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கேட்ட 14 நாளுக்குள் மாநகராட்சி தர வேண்டும் என்கிறது கட்டடச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அது கிடைக்கும் முன் குடியேறுவது குற்றம். அவசரமென்றால் தற்காலிக அனுமதி எழுத்தில் கேட்கலாம். பால் காய்ச்சும் நாளை இதற்கேற்ப வையுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு

அனுமதியில்லாமல் கட்டினால் அபராதம் நாளொன்றுக்கு 100 ராண்ட் வரை என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். நடுவர் நீதிமன்றம் இடிக்கச் சொல்லி ஆணையிடலாம். கென்டன்-ஆன்-சீ ஊரில் அனுமதியில்லாமல் எழுந்த ஒரு பெரிய வீட்டை முழுவதும் இடிக்கும் ஆணையை 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டிய செலவைப் பார்த்து அந்த நீதிமன்றம் இரங்கவில்லை. இது ஒருபுறம் இருக்க, வரைபடத்தில் இல்லாத அறை எரிந்தாலோ சரிந்தாலோ காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். விற்கும்போது வாங்குபவரின் வங்கி வரைபடத்தைக் கேட்டு, பேரம் அங்கேயே நின்றுபோகும்.

வழி இருக்கிறது. பதிவுபெற்ற வரைவாளரை வைத்து, இருக்கும் நிலையில் கட்டடத்தை அளந்து வரைந்து சமர்ப்பியுங்கள். மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரத்தை யாரும் பார்க்கவில்லை என்பதால் பொறியாளர் இரண்டு மூன்று இடத்தில் பக்கவாட்டில் தோண்டிப் பார்க்கச் சொல்வார். தடுக்காதீர்கள். எல்லைக்கோட்டை மீறிய பாகத்தை இடிக்க நேரலாம். மாநகராட்சியின் அறிவிப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அதுவரை அந்த அறையில் யாரையும் குடி வைக்காதீர்கள். வாடகைக்காரர் இருந்தால் அவருக்கு விஷயத்தைச் சொல்லுங்கள். பின்சுவரில் புதிதாகப் படிக்கட்டு வடிவில் கீறல் ஓடுகிறதா, கதவு திடீரென்று இறுகுகிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆட்களை அன்றைக்கே வெளியேற்றிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.